புள்ளி நகரவில்லை

லாரியின் முன்கண்ணாடிக்கு மேலே முட்டைக்கண் மாதிரி ஒரு கேமரா வைத்திருக்கிறார்களாம். டிரைவர் கொட்டாவி விட்டால் அது கத்துமாம். இமை கொஞ்சம் தாழ்ந்தாலும் கத்துமாம். எங்கள் சாப்பாட்டுக் கடைக்கு வருகிற ஒரு டிரைவர் தம்பிக்குப் பிறவியிலேயே இமை சரிந்த கண். பாவம், கடலூரில் வண்டி எடுத்தால் சேலம் போய்ச் சேரும்வரை திட்டு வாங்கிக்கொண்டே போகிறான். கத்துவதோடு விடாமல் ஒரு பெண் குரல் வேறு, ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள் என்று இங்கிலீஷில் கெஞ்சுமாம். ரொம்ப மரியாதையான குரல் என்கிறான். அந்த மரியாதையை நம்பி வண்டியை ஓரம் கட்டினால் உடனே ஆபீஸிலிருந்து போன் வருகிறது: "ஏன் வண்டி நிக்குது?"

தூங்காதே என்று கத்த ஒரு மெஷின். தூங்கினால் ஏன் என்று கேட்க ஒரு மனுஷன். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் பெயர் டிரைவர். முன்பெல்லாம் இந்த வண்டிகளில் இரண்டு பேர் போனோம். இப்போது ஒருவன்தான். இரண்டாவது ஆளுக்குப் பதிலாகத்தான் இந்த முட்டைக்கண்.

டிரைவர் சங்கத்துக்காரர்கள் ஆண்டு மலர் போடுகிறார்கள். "ரெண்டு ஆளு ஓட்டுன காலத்தப் பத்தி எழுதுங்கண்ணே, நீங்க எழுதுனா சிரிப்பா இருக்கும்" என்றார்கள். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு எழுதும்போது பல்லைக் கடித்துக் கடித்துக் கடைவாய்தான் வலிக்கிறது.

என் பெயர் கலியபெருமாள். ஊர் குறிஞ்சிப்பாடி. வீட்டில் எல்லோரும் கரும்பும் மணிலாக் கடலையும் போட்டவர்கள். நான் மட்டும் கரும்பை வெட்டுவதைவிட ஏற்றிக்கொண்டு போவது சுகம் என்று நினைத்துக் கரும்பு லாரியில் ஏறியவன். கிளீனர், கை டிரைவர், லைசென்ஸ், மணல் லாரி, உர லாரி என்று போய், கடைசியில் கடலூரில் ஒரு பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் நீண்ட ஓட்டத்து வண்டியில் உட்கார்ந்தேன். மகாராஷ்டிரா, குஜராத் என்று போய் வருவது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துப் பூகோள வகுப்பில் நான் தூங்கியதற்குத் தண்டனையாக இந்தியா முழுக்கத் தூங்காமல் சுற்றும்படி ஆயிற்று.

கூட்டாளி டிரைவர் லூர்துசாமி. சிதம்பரத்துக்காரன். எங்கள் இருவரையும் ஒரே கேபினுக்குள் போட்டு முதல் முறை அனுப்பியபோது, பெண் பார்க்காமலே கல்யாணம் செய்து வைத்த மாதிரிதான் இருந்தது. சீட்டுக்குப் பின்னால் ஒரு படுக்கைப் பலகை, அதை மறைக்க ஒரு திரை. ஒருவன் ஓட்டும்போது மற்றவன் அங்கே படுக்க வேண்டும். அகலம் எவ்வளவு என்றால், புரண்டு படுக்க வேண்டுமானால் முதலில் எழுந்து உட்கார வேண்டும். என்ஜின் சூடு முதுகில் ஏறும். டாஷ்போர்டில் அவன் சிலுவையும் என் விபூதிப் பொட்டலமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவை இரண்டும் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. எங்களுக்குள்தான் மின்விசிறி யார் பக்கம் திரும்புவது என்பதில் கர்நாடகா எல்லை வரை சண்டை.

"மச்சான், நீ கொறட்டை வுட்றியே, அது எந்த கியரு?" என்பான்.

"நீ ஓட்டறது எந்த கியரோ அது. நீ மாத்துனா நானும் மாத்துவேன்" என்பேன்.

மாமன் மச்சான் உறவெல்லாம் வாயில் வந்ததுதான். போகப் போக அது நிஜமாகிவிட்டது. என் மனைவி அஞ்சலை அவனுக்குத் தங்கச்சி ஆனாள். அவன் மகள், சிதம்பரத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தவள், என்னை மாமா என்றாள்.

ஸ்டியரிங் மாற்றுவதற்கு எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. நாங்களே பயந்து பயந்து உண்டாக்கியது. வண்டியை நிறுத்தி, இரண்டு பேரும் இறங்கி, ஆளுக்கு ஒரு பக்கம் இரும்புத் தடியால் டயர்களைத் தட்டிக்கொண்டே சுற்றி வர வேண்டும். காற்று இறங்கிய டயர், அழுது முடித்தவன் குரலில் பேசும். பிறகு முகம் கழுவ வேண்டும். இறங்குகிறவன் ஏறுகிறவனிடம் பிரேக் எப்படிக் கேட்கிறது, லோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகு தன் போனை மட்டும் வாங்கிக்கொண்டு பலகையில் ஏறிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஓட்டப் போகிறவன் போனையும் அவன் வாங்கிக்கொள்ள வேண்டும். ஓட்டுகிறவனுக்குப் போன் கிடையாது. படுத்திருக்கிறவன்தான் இரண்டு போனுக்கும் பொறுப்பு.

இன்னொன்றுதான் முக்கியம். பலகையில் இருப்பவனுக்கு எப்போது விழிப்பு வந்தாலும், திரையை விலக்காமல், படுத்தபடியே ஒரு கேள்வி கேட்பான்.

"மச்சான், கடைசியா எது தாண்டுச்சு?"

ஊர் பெயரை மட்டும் சொன்னால் செல்லாது. ஊர் பெயரை யாரும் குத்துமதிப்பாக அடித்துவிடலாம். அங்கே கண்ணால் பார்த்தது எதையாவது சொல்ல வேண்டும். "உளுந்தூர்பேட்டை. டிராக்டர்ல ஒரு பீரோ போச்சு, பீரோ மேல ஒரு ஆளு குந்தியிருந்தான்." இந்த மாதிரி. சொல்ல முடியவில்லை என்றால், கண் திறந்திருக்கிறது, ஆள் உள்ளே இல்லை என்று அர்த்தம். மறுபேச்சு இல்லாமல் ஓரம் கட்ட வேண்டும். யாருக்கும் கோபம் வரக் கூடாது. எங்கள் கல்யாணத்தின் ஒரே ஒப்பந்தம் அது.

இனி எங்கள் மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சபாநாயகம் சார். மஞ்சக்குப்பத்தில் மாடியில் ஆபீஸ். ஏசி ரூம். சுவரில் ஒரு பெரிய திரை. அதில் இந்தியா வரைபடம். அதன் மேல் கம்பெனி வண்டிகள் எல்லாம் புள்ளிகளாக ஊர்ந்துகொண்டிருக்கும். ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. முதல் தடவை என் புள்ளியை நானே பார்த்தபோது, பெருமையாக இருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கம்தான். "சார், இதுவா நானு?" என்று கேட்டேன். "நீ இல்ல ராஜா, வண்டி" என்றார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அந்தத் திரையில் வண்டி தெரியும். வண்டிக்குள் ஆள் இருப்பது தெரியாது.

அவர் ஒரு நாளும் குரலை உயர்த்த மாட்டார். கத்துகிற முதலாளிகளிடம் வேலை பார்த்திருக்கிறேன், அவர்களைச் சமாளிக்கலாம். திருப்பிக் கத்தினால் டீ வாங்கித் தருவார்கள். இவர் வெல்லப்பாகு. எல்லோரும் அவருக்கு ராஜாதான். ராஜா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே ராஜ்ஜியத்தில் ஒருவனையும் தூங்கவிட மாட்டார்.

"என்ன ராஜா, புள்ளி நவுரலயே?"

"சோறு துன்றோம் சார்."

"துன்னு ராஜா. நல்லா துன்னு. ஆனா ரெண்டு பேருமே ஏன் துன்னணும்?"

அவருடைய கணக்கு சுலபம். ஒருத்தர் ஓட்டுகிறார், ஒருத்தர் படுத்திருக்கிறார், அப்புறம் வண்டி எதற்காக நிற்க வேண்டும்? சட்டத்தில் எங்களுக்கும் எட்டு மணி நேர வேலைதான். அவரைக் கேட்டால், மீதி நேரமெல்லாம் பலகையில் ஓய்வு கொடுத்திருக்கிறேனே என்பார். ஆடுகிற பலகையில், குழிக்குக் குழி மண்டை இடிபட, பிரேக் அடிக்கும்போதெல்லாம் கால் தானாக இல்லாத பிரேக்கை மிதிக்க, அதற்குப் பெயர் ஓய்வு! அந்த ஓய்வை ஒரே ஒரு மதியம் அவர் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். அவருக்கு மதியத் தூக்கம் உண்டு. சாப்பிட்டதும் நாற்காலியைப் பின்னால் சாய்த்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொள்வார். அந்த நேரத்தில் போன் செய்தால் ஆபீஸ் பெண் ரகசியமாகச் சொல்லும்: "சார் கண்ணசந்திருக்காரு, அப்புறமா பேசுங்க." அவர் கண்ணசரும்போது அவருடைய நாற்காலி மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று கேட்க வேண்டும் போல இருக்கும். கேட்டதில்லை. எனக்கு வீரம் எல்லாம் வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் வரும்.

ஓடுகிற பலகையில் தூங்கிப் பழகியவன் மூளை என்ன ஆகும் என்பதற்குச் சிதம்பரம் சாட்சி. ஒரு நாள் காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு குடோனில் சரக்கு இறக்கக் காத்திருந்தோம். வண்டி நிற்கிறது. லூர்து எதிரே டீக்கடையில். நான் பலகையில். விழித்துத் திரையை விலக்கிப் பார்க்கிறேன்: டிரைவர் சீட் காலி. ஜன்னல் வழியே பக்கத்திலிருக்கும் உலகம் முன்னால் போகிறது. அப்படியானால் எங்கள் வண்டி பின்னால் போகிறது! ஆள் இல்லாமல்! நடராஜர் ஊரில் கூட்டத்துக்குள்!

நான் செய்த காரியத்தை இன்றைக்கும் அந்த டீக்கடையில் நடித்துக் காட்டுகிறார்கள். பலகையிலிருந்து பாய்ந்தேன். லுங்கி திரையில் மாட்டிக்கொண்டது. திரையும் வரவில்லை, லுங்கியும் வரவில்லை. நான் மட்டும் வந்தேன். டிராயரோடு சீட்டில் விழுந்து, இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்து, ஆரனை அழுத்தியபடி, "ஓடுங்க! ஓடுங்க! பிரேக் புடிக்கல!" என்று கத்தினேன். சைக்கிள்கள் சிதறின. ஒரு ஆட்டோ ஜவுளிக்கடைப் படியில் ஏறியது. காலேஜ் பெண்கள் ஓடிப்போய்ச் சுவரோரம் நின்று, பிறகு என்னைப் பார்த்து, சுவர்ப் பக்கமே திரும்பிக்கொண்டார்கள்.

எங்கள் வண்டி அசையவே இல்லை. பக்கத்தில் நின்ற டவுன் பஸ்தான் முன்னால் நகர்ந்திருக்கிறது.

லூர்து டீ கிளாஸோடு வந்து ஜன்னலுக்குக் கீழே நின்றான். "மச்சான், வண்டி நின்னுடுச்சு. காலை எடு. பிரேக் பெடலு பாவம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகும் வெகு நேரம் பிரேக்கிலிருந்து நான் காலை எடுக்கவில்லை. நிற்கிற வண்டியில் தூங்கினால் ஓடுவதாகப் பயம். அப்படியென்றால் ஓடுகிற வண்டியில் என்ன வரும்? அதற்குப் பதில் சில மாதம் கழித்து என் சொந்த ஊரிலேயே கிடைத்தது.

அந்த முறை புனே பக்கத்திலிருந்து மெஷின் சாமான் ஏற்றி வர வேண்டும். பாதி கடலூர்த் தொழிற்பேட்டைக்கு, பாதி சிதம்பரத்தில் அதே குடோனுக்கு. ஏற்றுகிற இடத்தில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் வரிசையிலேயே போயிற்று. கொஞ்சம் கண் அசந்தால் பின்னால் நிற்பவன் ஆரன் அடிப்பான். ஒரு வண்டி நீளம் முன்னால் போக வேண்டும். மறுபடி நிற்க வேண்டும். இரண்டு பேரும் மாறி மாறி அந்த ஒரு வண்டி நீளத்தைத்தான் ஓட்டினோம். ஏற்றி முடித்ததும் போன் செய்து, "சார், தூங்கிட்டு கெளம்பறோம்" என்றேன்.

"இவ்ளோ நேரம் புள்ளி சும்மாதானே ராஜா நின்னுச்சு? அது ரெஸ்ட்தானே?"

நியாயத்தைப் பாருங்கள். நாங்கள் தூங்குவதற்காக நின்றால் அது வேலை கெடுவது. வேலைக்காக நின்றால் அது தூக்கம். புள்ளிக்கு வாய் கிடையாது, அதனால் அவர் என்ன பேசச் சொன்னாரோ அதைப் பேசியது.

போன் வைப்பதற்கு முன்னால் அதே வெல்லக் குரலில் ஒன்று சொன்னார். "லேட்டு ஆயிடுச்சு ராஜா. சிதம்பரம் குடோன் நாளைக்கு சாயங்காலம் பூட்டறதுக்குள்ள சேந்துடணும். வழியில இன்னொரு வாட்டி புள்ளி செவப்பாச்சுன்னா, ரெண்டு ஆளு எதுக்குன்னு மொதலாளி கேக்கறாரு. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

பக்கத்திலிருந்த லூர்துவுக்கும் கேட்டது. இருவரில் யாரை எடுப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அவன் எனக்குப் பின்னால் சேர்ந்தவன். மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் பாக்கி இருந்தது. அவன் தடியை எடுத்துக்கொண்டு டயர் தட்டப் போனான்.

வழி முழுக்க முறைப்படிதான் மாற்றினோம். ஆனால் களைப்பு முறைப்படி மாறாது. விருத்தாசலத்தில் அவன் இறங்கினான், நான் ஏறினேன். முகம் கழுவினேன். நெய்வேலி தாண்டினேன். உச்சி வெயில். ராத்திரியில்தான் டிரைவருக்குக் கண் செருகும் என்று உலகம் நினைக்கிறது. ராத்திரியில் பயம் இருக்கும், பயம் எழுப்பிவிடும். வீடு நெருங்குகிற மத்தியான வெயில் அப்படி இல்லை. அது தாய் மாதிரி தலையைத் தடவும்.

அஞ்சலைக்கு முன்பே போன் போயிருந்தது. இந்த வழியாக வரும்போதெல்லாம் அவள் குறிஞ்சிப்பாடி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பழக்கடை வாசலில் கேரியரோடு நிற்பாள். வண்டியை ஓரம் கட்டி, வாங்கிக்கொண்டு, அவள் திட்டுவதையும் வாங்கிக்கொண்டு கிளம்புவோம். அன்றைக்கு நெத்திலிக் குழம்பு என்று சொல்லியிருந்தாள்.

பலகையில் போன் அடித்தது. என் போன்தான். லூர்து எடுத்தான்.

"சொல்லு தங்கச்சி... என்னாது? ... எப்போ?"

அதன் பிறகு அவன் குரல் மாறியது. திரைக்குப் பின்னாலிருந்து மெதுவாக, குழந்தையிடம் கேட்பது போலக் கேட்டான்.

"மச்சான். கடைசியா எது தாண்டுச்சு?"

"வடலூரு" என்றேன். "ரயில்வே கேட்டாண்ட ஒருத்தன் பலாப்பழத்த மடியில வெச்சிகிட்டு பைக்ல..."

"சரி. லெஃப்டுல பாரு. மெதுவா ஓரம் கட்டு."

"ஏன்? குறிஞ்சிப்பாடி இன்னும் வரல. அஞ்சல நிப்பா."

"மச்சான், போர்டைப் படி."

படித்தேன். குள்ளஞ்சாவடி. குறிஞ்சிப்பாடி பின்னால் போய்விட்டிருந்தது. நான் பிறந்த ஊர். பஸ் ஸ்டாண்டு, கடைத்தெரு, பள்ளிக்கூடம், வேகத்தடை, கேரியரோடு நின்ற என் பெண்டாட்டி, எல்லாவற்றையும் கண்ணைத் திறந்தபடி தாண்டி வந்திருக்கிறேன். ஒன்றுகூட எனக்குள் இல்லை. வடலூர்ப் பலாப்பழத்துக்குப் பிறகு நேரே இந்தப் போர்டு. நடுவில் யாரோ அறுத்து எடுத்துவிட்டார்கள்.

ஓரம் கட்ட இண்டிகேட்டர் போடப் போனேன், வைப்பர் ஓடியது. வைப்பரை நிறுத்தப் போனேன், ஆரன் அடித்தது. ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி இறங்கினேன். இறங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. விழுந்தேன். எழுந்து நேராக முன் பம்பருக்கு ஓடினேன். குனிந்து பார்த்தேன். கையால் தடவினேன். பம்பர் அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். ஒரு தும்பி மட்டும் ஒட்டியிருந்தது. அந்தத் தும்பியைப் பார்த்து "மன்னிச்சிடு சாமி" என்று கும்பிட்டேன்.

"மச்சான், பள்ளிக்கூடத்தாண்ட பசங்க யாராச்சும்... லூர்து, நான் யாரையாச்சும்..."

"இல்ல மச்சான். வேகத்தடையில அழகா ஏத்தி எறக்குன. நான் முழிச்சிகிட்டுதான் இருந்தேன். நீயும் முழிச்சிருக்கன்னு நெனச்சேன்."

தூங்கிக்கொண்டே பிரேக் பிடித்திருக்கிறேன். என் காலுக்கு ஊர் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

போனைப் பிடுங்கினேன். "அஞ்சல, ரோட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"எல்லாரும் நல்லாதான் இருக்காங்க, உன் பொண்டாட்டியத் தவிர! என்னை நேராப் பாத்துகிட்டே போறியேய்யா. கையை ஆட்றேன், பேர் சொல்லிக் கூப்புடறேன். பொணம் பாக்கறாப்புல பாக்கற. எங்க நிக்கற? அங்கயே நில்லு."

போன் வைத்ததும் அடுத்த போன் வந்தது. லூர்து எனக்கும் கேட்கும்படி வைத்தான்.

"என்ன ராஜா, புள்ளி நவுரலயே?"

"நிறுத்திட்டோம் சார்" என்றேன். என் குரல் ஆட்டுக்குட்டி மாதிரி வந்தது. "ரெண்டு பேரும் தூங்கணும். இதுக்கு மேல ஓட்டுனா யாராச்சும் செத்துடுவாங்க."

"ரெண்டு பேருமா? ரெண்டு பேரும் தூங்கறதுக்கா ராஜா ரெண்டு பேர வெச்சிருக்கோம்?" சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். "இதோ இருக்கு கடலூரு, அதோ இருக்கு சிதம்பரம். குடோன் பூட்டிடுவான். நான் நேத்து சொன்னது ஞாபகம் இருக்குல்ல? நீங்களே ஒரு முடிவு பண்ணிக்கங்க."

லூர்து சாவிக்குக் கை நீட்டினான். "குடு மச்சான். நான் எடுத்துகிட்டுப் போறேன். நீ படு."

"நீயும்தான் தூங்கல."

"பரவால்ல குடு."

"கடைசியா நீ ஓட்டும்போது எது தாண்டுச்சு?"

அவன் வாயைத் திறந்தான். விருத்தாசலத்துக்கு முந்தின எதையாவது சொல்லப் பார்த்தான். அவன் கண் அங்குமிங்கும் தேடியது. ஒன்றும் வரவில்லை. பிறகு அவன் எங்கள் முறையையே முதல் தடவையாக மீறினான்: கோபப்பட்டான்.

"எம் பொண்ணு படிப்புக்கு நீயா மச்சான் பதில் சொல்லுவ? குடுய்யா சாவிய!"

இரண்டு பேரும் ரோட்டோரம் ஒரு சாவிக்காகக் கட்டிப் புரண்டோம். எங்களைப் பார்க்கிறவர்கள் குடித்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். அப்போது பக்கத்து வீட்டுக்காரர் டிவிஎஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து, மடியில் கேரியரோடு அஞ்சலை வந்து இறங்கினாள். எங்கள் கைகளுக்கு நடுவிலிருந்து சாவியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகினாள்.

"ரெண்டு பேரும் துன்னுட்டுப் படுங்க."

"தங்கச்சி, உனக்குத் தெரியாது, வேல போயிடும்."

"அண்ணே, இவரு என்னைத் தாண்டிப் போனாரு. பரவால்ல, நான் ஓரமா நின்னேன். நடுவுல நின்னிருந்தா?"

மறுபடி போன். லூர்து எடுப்பதற்குள் அவள் எடுத்துவிட்டாள். "சார், நான் அவரு வூட்டுக்காரி பேசறேன். சாவி என் முந்தானையில இருக்குது. அவுங்க எழுந்ததும் குடுக்கறேன். நீங்களும் சாப்டுட்டுக் கண்ணசந்துக்குங்க."

புளியமரத்தடியில் தார்ப்பாயை விரித்துப் படுத்தோம். ஆடாத தரை. லூர்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். கொஞ்ச நேரம் அவன் முதுகு குலுங்கியது. பிறகு அது நின்று குறட்டை வந்தது. எந்த கியர் என்று நான் கேட்கவில்லை. அஞ்சலை வண்டிப் படியில் உட்கார்ந்து காவல் இருந்தாள். சிதம்பரம் குடோனில் மறுநாள் காலையில் சரக்கு இறங்கியது. அதில் ஒரு திருகாணிகூடக் கெட்டுப்போகவில்லை. குடோன்காரன் ஏன் நேற்று வரவில்லை என்றுகூடக் கேட்கவில்லை.

ஆனால் மஞ்சக்குப்பத்தில் கேட்டார்கள். சபாநாயகம் சார் எங்களை உட்கார வைத்தார். டீ வரவழைத்தார். அந்த டீயைக் கண்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ரெண்டு பேர் இருந்தும் வண்டி நிக்குது. அப்ப ஒருத்தர் போதும்ங்கறாரு மொதலாளி. எல்லா வண்டிக்கும்தான், உங்களுக்கு மட்டும் இல்ல. கேமரா வரப் போவுது. டிரைவர் தூங்குனா அதுவே எழுப்பிடும்." லூர்து பக்கம் திரும்பினார். "நீ தப்பா எடுத்துக்காத ராஜா."

இரண்டு பேர் சேர்ந்து நிறுத்தியதால்தான் குறிஞ்சிப்பாடிக்கும் கடலூருக்கும் நடுவில் யாரும் சாகவில்லை. அவருக்கு அது கணக்கில் வரவில்லை. நடக்காத சாவுக்குத் திரையில் எந்த நிறமும் கிடையாது. நடந்திருந்தால் என் போட்டோ பேப்பரில் வந்திருக்கும், கீழே "டிரைவர் தூக்கம்" என்று போட்டிருப்பார்கள். தூங்கவிடாதவன் பெயர் எந்தப் பேப்பரில் வந்திருக்கிறது?

இதையெல்லாம் அன்றைக்கு அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். நிஜமாகச் சொன்னேன். வண்டி கிளம்புவதற்கு முன்பே வீரம் வந்த ஒரே நாள் அதுதான். "கேமரா எழுப்பும் சார். எழுப்பறதுக்கு ஆளு வேணாம். தூங்கறதுக்குத்தான் சார் இன்னொரு ஆளு வேணும்! ஒருத்தன் தூங்கப் போனா ஸ்டியரிங்கை யாரு புடிப்பாங்க, கேமராவா?" என்று மேஜையைத் தட்டினேன். டீ கொட்டியது. "லூர்து இல்லாத வண்டியில நான் ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படபடவென்று மாடிப்படி இறங்கினேன்.

தெருவுக்கு வந்த பிறகு லூர்து என் காலைப் பார்த்தான். "மச்சான், செருப்பு."

ஒரு காலில் என் செருப்பு. இன்னொரு காலில், ஏசி ரூம் வாசலில் கிடந்த சபாநாயகம் சாருடைய தோல் செருப்பு.

"போய் மாத்திகிட்டு வா."

"செத்தாலும் மேல போவ மாட்டேன்" என்றேன். மஞ்சக்குப்பத்திலிருந்து அப்படியே பஸ் ஏறினோம். அந்த ஒற்றைச் செருப்பு இன்னும் எங்கள் கடைப் பரணில் கிடக்கிறது.

என் ஓட்டம் அன்றோடு முடிந்தது. லூர்து சிதம்பரத்தில் ஆட்டோ ஓட்டுகிறான். மகள் படிப்பை அந்த ஆட்டோதான் முடித்து வைத்தது. எப்படி என்று அவனைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான். தினமும் வீட்டில் படுக்கிறான். "கட்டில் ஆட மாட்டுது மச்சான், தூக்கமே வரல" என்று ஆறு மாதம் புலம்பினான். நானும் அஞ்சலையும் குறிஞ்சிப்பாடியில் ரோட்டோரம் இந்தச் சாப்பாட்டுக் கடையைப் போட்டோம். பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதில் கயிற்றுக் கட்டில்கள்.

கடைக்கு ஒரு சட்டம் உண்டு. லாரி டிரைவர் யார் வந்தாலும் இலை போடுவதற்கு முன்னால் அஞ்சலை கேட்பாள்: "கடைசியா எது தாண்டுச்சு?" பார்த்ததைச் சொன்னால் சோறு. திருதிருவென்று விழித்தால், முதலில் சாவி அவள் முந்தானைக்குப் போகும், பிறகு சோறு, பிறகு கட்டில். புதிதாக வருகிறவர்கள் முறைப்பார்கள். பழையவர்கள் கதவைத் திறக்கும்போதே சாவியை நீட்டிவிடுகிறார்கள். சரிந்த இமைக்காரத் தம்பி கேட்டான்: "அக்கா, நான் முழிச்சிருந்தாலும் தூங்கறாப்புலதான இருப்பேன், எப்படிக் கண்டுபுடிப்ப?" அவள் சொன்னாள்: "கண்ண யாரு பாக்கறா? வாயத் தொற, சொல்லு."

போன வாரம் மத்தியானம் கடைக்கு ஒரு போன் வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அந்த வெல்லக் குரலை எனக்குத் தெரியும்.

"என்ன ராஜா, சௌக்கியமா? நம்ம புள்ளி எல்லாம் உன் கடையாண்டயே வந்து செவப்பா நிக்குதே? ஒண்ணுகூட நவுரலயே?"

என் கால் பழைய பழக்கத்தில் இல்லாத பிரேக்கை ஒரு தடவை மிதித்தது. கொட்டகையை எட்டிப் பார்த்தேன். கட்டில் எல்லாம் நிறைந்திருந்தது. அஞ்சலை இடுப்பில் சாவிகள் கொத்தாகத் தொங்கின.

"தூங்குது சார்" என்றேன். "எழுந்ததும் நவுரும்."